பொம்மருக்கு ஒளித்தவர்களின் பிள்ளைகள் பறக்கிறார்கள்

1942ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் திகதி, தென்னிலங்கையின் கொக்கலையிலிருந்து கற்றலீனா என்ற கடல்விமானம் ஒன்று ரோந்துக்குக் கிளம்பியது. ஓட்டியவர் லெனார்ட் பேர்ச்சல் என்ற கனடியர். அவருடைய 413ஆவது ஸ்குவாட்ரன் இலங்கைக்கு வந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. பகல் முழுக்கக் கடலைச் சுற்றிவிட்டுத் திரும்ப வேண்டிய வேளையில் அடிவானத்தில் கரும்புள்ளிகள் தெரிந்தன. கிட்டப் போய்ப் பார்த்தார்கள். பேர்ள் ஹார்பரைத் தாக்கிய ஜப்பானியக் கப்பற்படை, விமானந்தாங்கிக் கப்பல்களோடு இலங்கையை நோக்கி வந்துகொண்டிருந்தது. வானொலியில் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே ஸீரோ போர்விமானங்கள் அவர்களைச் சுட்டு வீழ்த்திவிட்டன. விமானத்தில் இருந்த ஒன்பது பேரில் மூவர் இறந்தார்கள். பேர்ச்சலும் மற்றவர்களும் போர் முடியும்வரை ஜப்பானியச் சிறைமுகாம்களில் கிடந்தார்கள்.

ஆனால் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. மறுநாள் ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பு தாக்கப்பட்டபோது தீவு விழித்திருந்தது. துறைமுகத்துக் கப்பல்கள் பலவும் வெளியேறியிருந்தன. நாலு நாள் கழித்துத் திருகோணமலை குண்டுவீச்சுக்கு ஆளானது. அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் பிரிட்டனின் விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸ் மூழ்கியது. பேர்ச்சலுக்கு ‘இலங்கையைக் காத்தவர்’ என்ற பட்டம் நிலைத்தது.

அவருடைய பெயரில் ஒன்ராறியோவில் ஓர் எயர் கடெற் ஸ்குவாட்ரன் இயங்குகிறது. இலக்கம் 883. இடம் மார்க்கம். ஆம், நாங்கள் மரக்கறி வாங்கவும் கோயிலுக்கும் கலியாண மண்டபத்துக்கும் போய்வருகிற அதே மார்க்கம். இலங்கையிலிருந்து வந்த ஒரு குடும்பத்தின் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் தாங்கிய ஸ்குவாட்ரன் கனடாவில் கிடைக்காது. இருந்தும் இந்தக் கதையைச் சொன்னால் எங்கள் பெற்றோரில் பலர் புதிதாகத்தான் கேட்கிறார்கள்.

எயர் கடெற் என்றால் என்ன என்பதே பலருக்கு மங்கல்தான். ஊரில் சாரணர் இருந்தது, சென்ஜோன்ஸ் முதலுதவிப் படை இருந்தது, சில பெரிய கல்லூரிகளில் கடெற்றும் இருந்தது. அந்த வரிசையில் வைத்துப் பார்க்கலாம், ஆனால் இதற்குள் வானம் இருக்கிறது. பன்னிரண்டு வயது முதல் பதினெட்டு வயதுவரை யாரும் சேரலாம். சேருவதற்குக் கட்டணம் இல்லை. சீருடை இலவசம். செப்டெம்பர் முதல் ஜூன்வரை கிழமைக்கு ஒரு மாலை. வார இறுதிகளில் அவ்வப்போது முகாம், பறத்தல், போட்டி. கோடையில் விரும்பினால் கிழமைக்கணக்கான பயிற்சி. ஹொக்கிக்கும் நீச்சலுக்கும் பியானோவுக்கும் மாதாமாதம் கட்டுகிற தொகையை நினைத்துப் பார்ப்பவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

இந்த அமைப்பு பிறந்தது போர்க்காலத்தில். எயர் கடெற் லீக் 1941இல் பதிவானபோது அதன் நோக்கத்தில் ஒளிவுமறைவு இருக்கவில்லை: வான்படைக்கு இளைஞர்கள் தேவை, அவர்களை முன்கூட்டியே பயிற்ற வேண்டும். 1944இல் 374 ஸ்குவாட்ரன்கள், 29,000 கடெற்றுகள் என்று வளர்ந்தது. போர் முடிந்ததும் அந்தத் தேவை போய்விட்டது. அப்போது லீக்கை நடத்தியவர்கள் எடுத்த முடிவுதான் இன்றைக்கும் அது உயிரோடு இருப்பதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். நல்ல குடிமக்களை உருவாக்குவது என்று நோக்கத்தை மாற்றினார்கள். 1946இல் பறப்பதற்குப் புலமைப்பரிசில் கொடுக்கத் தொடங்கினார்கள். 1975இல் சட்டத்தில் ‘பையன்கள்’ என்றிருந்த சொல் மாறி, பெண்பிள்ளைகளுக்கும் கதவு திறந்தது.

பயம்

எங்கள் வீடுகளில் இந்தப் பேச்சை எடுத்தால் முதலில் விழும் சொல் ‘ஆமி’. அதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. இலங்கையின் உள்நாட்டுப் போரில் பொம்மரின் இரைச்சல் கேட்டதும் சாப்பாட்டுக் கோப்பையை வைத்த இடத்தில் வைத்துவிட்டுப் பங்கருக்குள் பாய்ந்த தலைமுறை இது. சகடை என்று நாங்கள் சொன்ன குண்டுவீச்சு விமானம் தலைக்கு மேலே சுற்றும்போது குழந்தையின் வாயைப் பொத்தி அணைத்துக்கொண்டவர்கள் இன்று ஸ்காபரோவில் பேரப்பிள்ளை பார்க்கிறார்கள். பள்ளிக்கூடம் போன பிள்ளை போர்க்களத்துக்குப் போனதைக் கண்டவர்கள், வீட்டுக்கு ஒரு பிள்ளையைக் கேட்டு வாசலில் வந்து நின்ற நாட்களைக் கண்டவர்கள் இவர்கள். சீருடை போட்ட பதினாறு வயதுப் பிள்ளையின் படம் என்றால் பூமாலை போட்ட படம்தான் நினைவுக்கு வரும் வீடுகள் எங்களிடம் எத்தனையோ. அந்த வீட்டுத் தாய் ஒருத்தியிடம் மகன் கடெற் படிவத்தைக் கையெழுத்துக்கு நீட்டினால், அவள் கை தயங்குவதில் என்ன பிழை?

ஆகவே நேரடியாகவே பதில் சொல்ல வேண்டும். கடெற் கனடியப் படையின் உறுப்பினர் இல்லை. சேர்ந்த பிள்ளை பிறகு படையில் சேர வேண்டும் என்ற கடப்பாடு எதுவும் கிடையாது. எப்போது வேண்டுமானாலும் விலகலாம். பத்தொன்பதாவது பிறந்தநாளோடு எல்லாருமே விலகித்தான் ஆகவேண்டும். சிறுவர்களைப் போரில் ஈடுபடுத்துவதற்கு எதிரான ஐ.நா.வின் விருப்ப நெறிமுறை 2000ஆம் ஆண்டு வந்தபோது அதை உலகில் முதலாவதாக ஏற்று உறுதிப்படுத்திய நாடு கனடா.

அதற்காகப் படைத்தொடர்பை மறைத்துப் பேசுவதும் சரியில்லை. செலவின் பெரும்பகுதி தேசியப் பாதுகாப்புத் திணைக்களத்தின் பணம். ஸ்குவாட்ரனை நடத்தும் அதிகாரிகள் படையின் ரிசேர்வ் பிரிவில் உள்ளவர்கள்; கடெற்றுகளைப் பயிற்றுவிப்பதற்கென்றே உள்ள கிளை அவர்களுடையது. அமைப்பின் மூன்று நோக்கங்களில் குடிமைப் பண்பும் தலைமைத்துவமும் முதலாவது, உடல்நலம் இரண்டாவது, படைகளின் செயற்பாட்டில் இளையோருக்கு ஆர்வம் ஊட்டுவது மூன்றாவது. அணிவகுப்பு இருக்கிறது, சல்யூட் இருக்கிறது. குறிசுடுதலும் இருக்கிறது: காற்றழுத்தத்தால் சுடும் எயர் றைபிள், பத்து மீற்றரில் ஒரு கடதாசி இலக்கு, தரையில் குப்புறப் படுத்துச் சுடுவது. இது ஒலிம்பிக்கில் உள்ள விளையாட்டின் சிறுவர் வடிவம். ஆனாலும் துப்பாக்கியைக் கண்டால் நெஞ்சு இடிக்கிற பெற்றோர் இதை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு வேண்டாம் என்பவரை நான் மதிப்பேன். தெரியாமலே வேண்டாம் என்பதுதான் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

ஒரு மாலைப்பொழுது

பெரும்பாலான ஸ்குவாட்ரன்கள் பள்ளிக்கூட ஜிம்மிலோ லீஜன் மண்டபத்திலோ கூடுகின்றன. முதலில் வரிசை. புதிதாக வந்த பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ‘இடப்பக்கம் திரும்பு’ என்றதும் எந்தப் பக்கம் என்று தடுமாறும். சட்டை ஒரு சுற்றுப் பெரிதாக இருக்கும். வளர்வான் என்று எண்ணிக் கொடுத்திருப்பார்கள். ஆறு மாதத்தில் அதே பிள்ளை தோளை நிமிர்த்தி நிற்பதைப் பார்க்கலாம்.

சப்பாத்துப் பளபளப்பைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. பஞ்சுத் துணியை விரலில் இறுக்கிச் சுற்றி, பொலிஷை மெல்லிசாகத் தொட்டு, ஒரு துளி தண்ணீர் விட்டு, காசளவு வட்டங்களாகத் தேய்க்க வேண்டும். அழுத்தினால் மங்கும். அவசரப்பட்டாலும் மங்கும். ஒரு சப்பாத்தின் முனைக்கு மட்டும் அரைமணித்தியாலம் போகும். வீட்டில் சாப்பிட்ட கோப்பையைக் கழுவச் சொன்னால் முகம் சுளிக்கும் பிள்ளை செவ்வாய்க்கிழமை இரவு தரையில் பழைய பேப்பர் விரித்து, யாரும் சொல்லாமல் இதைச் செய்வதைக் கண்ட தாய்மார் அதிசயிக்கிறார்கள்.

வரிசை கலைந்ததும் வகுப்புகள். இறக்கை ஏன் விமானத்தைத் தூக்குகிறது, இழுவையும் உந்துவிசையும் எப்படி ஒன்றையொன்று எதிர்க்கின்றன, வானொலியில் எழுத்துகளை ஆல்ஃபா, பிராவோ, சார்ளி என்று எப்படிச் சொல்வது, வரைபடத்தை எப்படி வாசிப்பது. காட்டில் தனித்துப்போனால் என்ன செய்வது என்பதும் பாடம்தான். வார இறுதி முகாமில் அதைச் செய்தே பார்க்கிறார்கள். கிளைகளைச் சாய்த்து ஒதுங்க இடம் கட்டுவது, ஈர விறகில் தீ மூட்டுவது, முக்கோணமாக மூன்று தீ எரிந்தால் ஆபத்துக்கு உதவி கேட்பதாக அர்த்தம் என்று அறிவது. பனி கொட்டும் ஒன்ராறியோவில் இது வெறும் விளையாட்டுப் பாடம் இல்லை.

என்னை மிகவும் கவர்ந்தது வேறொன்று. இந்த வகுப்புகளில் பாதிக்குமேல் எடுப்பவர்கள் பெரியவர்கள் இல்லை. பதினைந்து, பதினாறு வயதுக் கடெற்றுகள். எப்படிக் கற்பிப்பது என்பதையே ஒரு பாடமாகக் கற்றுவிட்டுத்தான் வகுப்பறைக்குள் வருகிறார்கள். கையில் பாடத்திட்டம் இருக்கும். தொடங்கும்போது இன்று என்ன கற்கப்போகிறோம் என்று சொல்லி, நடுவில் கேள்வி கேட்டு, முடிவில் விளங்கியதா என்று சோதிக்க வேண்டும். பின்வரிசையில் இருந்து ஓர் அதிகாரி குறிப்பெழுதுவார். வீட்டில் வாயைத் திறக்காத பெண்பிள்ளை இருபது சிறுவர்களுக்கு முன்னால் நின்று காலநிலை வரைபடம் விளக்குகிறாள். பேச்சுப்போட்டியைத் தமிழ்ப் பள்ளிகளில் நாங்களும் நடத்துகிறோம், அம்மா எழுதிக் கொடுத்ததைப் பிள்ளை பாடமாக்கி ஒப்பிக்கிறது. இங்கே பிள்ளை தானே தயாரித்து, தானே தடுமாறி, அடுத்த கிழமை தானே திருத்திக்கொள்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எங்கள் தமிழ்ப் பள்ளி ஆசிரியர்கள் வந்து பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.

நவம்பர் 11ஆம் திகதி நினைவுத்தூண் அருகே அசையாமல் நிற்கும் இளைஞர்களில் கடெற்றுகளும் இருப்பார்கள். நன்கொடை திரட்டும் நாட்களில் கடைவாசலில் பெட்டியோடு நிற்பவர்களும் அவர்களே. உயர்நிலைப் பள்ளி டிப்ளோமாவுக்கு ஒன்ராறியோ கேட்கிற நாற்பது மணித்தியாலச் சமூகசேவை பல கடெற்றுகளுக்கு ஒரு பொருட்டாகவே இருப்பதில்லை.

எஞ்சின் இல்லாத விமானம்

இளவேனிலிலும் இலையுதிர் காலத்திலும் கிளைடர் நாட்கள் வரும். விடியப்புறமே பஸ் புறப்படும். காற்று மாறினால், முகில் இறங்கினால் நாளே ரத்து. பிள்ளைகள் ஏமாற்றத்தோடு திரும்ப நேரும். காலநிலைக்குப் பணிவதும் விமானியின் பாடம்தான்.

அவர்கள் ஏறுவது ஷ்வைஸர் 2-33 என்ற கிளைடர். வடிவமைப்பு 1960களைச் சேர்ந்தது. உருக்குக் குழாய்ச் சட்டகத்தின்மேல் துணி போர்த்திய உடல், நீண்ட உலோக இறக்கைகள், அடியில் ஒரே ஒரு பெரிய சில்லு. இரண்டு இருக்கைகள்; முன்னால் கடெற், பின்னால் விமானி. கடெற்றின் கண்ணுக்கு நேரே வெளியில் ஒரு துண்டு கம்பளி நூல் ஒட்டியிருக்கும். விமானம் காற்றுக்கு நேராகப் போனால் நூல் நேராகப் படுத்திருக்கும். பக்கவாட்டில் வழுக்கினால் நூலும் சாயும். விலை சில சதம்தான். ஆனால் விமானியின் கண் அடிக்கடி திரும்புவது அந்த நூலின் பக்கம்தான்.

முன்னே நிற்கும் இழுவை விமானத்துக்கும் கிளைடருக்கும் நடுவே நீண்ட கயிறு. தரையில் சாய்ந்து கிடக்கும் இறக்கையின் முனையை ஒருவர் தூக்கிச் சமமாகப் பிடித்துக்கொள்வார். கயிறு இறுகியதும் இழுவை விமானம் முழங்கும். இறக்கையைப் பிடித்தவர் சில அடி கூடவே ஓடிக் கையை விடுவார். புல் பின்னால் ஓடும். பிறகு அதிர்வு நின்றுவிடும், தரை கீழே போயிருக்கும். இரண்டாயிரம் அடி உயரத்தில் குமிழை இழுத்தால் ‘டொக்’ என்ற சத்தத்தோடு கயிறு கழன்று போகும். இழுவை விமானம் ஒரு பக்கம் சரிய, கிளைடர் மறுபக்கம் திரும்பும்.

அதன்பின் எஞ்சின் சத்தம் இல்லை. காற்றின் சத்தம் மட்டும். விமானத்தின் இரைச்சலைக் கேட்டு மண்ணுக்குள் பதுங்கியவர்களின் பிள்ளை பத்துப் பதினைந்து நிமிடம் அந்த இருக்கையில் இருந்து வயல்களையும் ஏரியையும் பார்க்கிறது. பின்னாலிருக்கும் விமானி நம்பிக்கை வைத்தால் கட்டுப்பாட்டுத் தண்டைக் கொஞ்சநேரம் பிடிக்கவும் விடுவார். இதற்கு அந்தக் குடும்பம் ஒரு சதமும் கொடுப்பதில்லை.

இது சுவை காட்டுவதுதான். உண்மையான பந்தி பதினாறு வயதில். கிளைடர் புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிக்கிறவர் மாதக்கணக்கில் விமானவியல் படித்து, எழுத்துத் தேர்வும் நேர்முகமும் மருத்துவச் சோதனையும் தாண்ட வேண்டும். தேறினால் கோடையில் ஏறக்குறைய ஆறு கிழமைப் பயிற்சி; முடிவில் கிளைடர் விமானி அனுமதிப்பத்திரம். அடுத்த படி எஞ்சின் விமானம். கனடாவில் தனியார் விமானி அனுமதிப்பத்திரத்துக்கு ஆகக்குறைந்தது 45 மணித்தியாலம் பறந்திருக்க வேண்டும். கைக்காசு போட்டுப் படிக்கிறவர்களுக்கு அது பெரும் தொகை. அதற்கான புலமைப்பரிசில் பெற்ற கடெற்றுக்கு அந்தச் செலவு இல்லை. வீட்டில் கார் ஓட்டத் தனியே விடாத வயதில் விமானத்தைத் தனியே ஓட்டி இறக்கிவிட்டு வருகிறார்கள்.

ஒன்ராறியோவில் வளர்ந்த ஜெரமி ஹன்சன் பன்னிரண்டு வயதில் அந்த மாகாணத்து லண்டன் நகரின் 614ஆவது ஸ்குவாட்ரனில் சேர்ந்தார். பதினாறில் கிளைடர், பதினேழில் தனியார் விமானி அனுமதிப்பத்திரம். 2023 ஏப்ரலில் நாசா, சந்திரனைச் சுற்றிவரும் ஆர்டெமிஸ் 2 பயணத்தின் நால்வரில் ஒருவராக அவரை அறிவித்தது. சர்வதேச விண்வெளி நிலையத்துக்குத் தலைமை தாங்கிய முதல் கனடியர் கிறிஸ் ஹட்ஃபீல்ட்டும் எயர் கடெற்றாக இருந்தவர்; பதினைந்து வயதில் கிளைடர் புலமைப்பரிசில் பெற்றவர். எல்லாரும் விண்வெளிக்குப் போகப்போவதில்லை. பெரும்பாலானோர் விமானிகளாகக்கூட ஆவதில்லை. ஆனால் டொக்டர், எஞ்சினியர், கணக்காளர் என்ற மூன்று கதவுகளை மட்டும் பிள்ளைக்குக் காட்டி வளர்க்கிற எங்கள் சமூகத்துக்கு, விமானி, விமானப் பொறிமுறையாளர், வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் என்று வேறு கதவுகளும் இருக்கின்றன என்பதைக் காட்டும் இடம் இது.

காரில் காத்திருப்பவர்கள்

இனி எங்கள் பக்கத்துக் குறை. பிள்ளையைக் கொண்டுவந்து இறக்குகிறோம். ரிம் ஹோர்ட்டன்ஸ் கோப்பியும் போனுமாக இரண்டரை மணித்தியாலம் காருக்குள் இருக்கிறோம். முடிந்ததும் ஏற்றிக்கொண்டு போகிறோம். ஆண்டு முடிவு அணிவகுப்புக்கு மட்டும் நல்ல உடுப்புப் போட்டு வந்து படம் எடுக்கிறோம்.

ஆனால் ஸ்குவாட்ரன் அரசாங்கப் பணத்தில் மட்டும் ஓடுவதில்லை. அதற்கு மூன்று கால்கள்: பாதுகாப்புத் திணைக்களம், எயர் கடெற் லீக், ஒவ்வொரு ஸ்குவாட்ரனுக்கும் உரிய ஆதரவுக் குழு. கிளைடர்களிலும் இழுவை விமானங்களிலும் பல லீக்கின் சொத்து. பொதுமக்களின் நன்கொடையில் வாங்கியவை. ஆதரவுக் குழு என்பது பெற்றோரும் ஊர்க்காரரும்தான். மண்டபத்துக்கு ஏற்பாடு, கூடுதல் பயணங்களுக்குப் பஸ், வாத்தியக் குழுவுக்குக் கருவிகள், பரிசளிப்பு, வாசலில் வரவேற்பு, கணக்கு வழக்கு எல்லாம் இவர்கள் கையில். பிள்ளைகளோடு பழகும் தொண்டர்களுக்குப் பொலிஸ் சரிபார்ப்பு உண்டு; அதை முடிக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். ஆங்கிலம் சரளமாக வராது என்று ஒதுங்குபவர்கள் பலர். தேநீர் ஊற்றவும் கணக்குப் பார்க்கவும் கதிரை அடுக்கவும் எந்த ஆங்கிலம் வேண்டும்?

குழுவில் இருப்பவருக்கு இன்னொன்றும் கிடைக்கிறது. பிள்ளைக்கு என்ன கற்பிக்கிறார்கள், யார் கற்பிக்கிறார்கள், பணம் எப்படிப் போகிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம், கேள்வி கேட்கலாம். மேலே சொன்ன பயத்துக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியவில்லை.

கனடாவில் பல ஸ்குவாட்ரன்களுக்கு லீஜன், ரோட்டரி, லயன்ஸ் போன்ற சங்கங்கள் ஆதரவாளர்களாக இருக்கின்றன. எங்கள் பழைய மாணவர் சங்கங்களும் ஊர்ச் சங்கங்களும் அந்த இடத்துக்கு வரவேண்டும். இராப்போசன விருந்து, நடைபவனி, கிரிக்கெட் சுற்றுப்போட்டி என்று பணம் திரட்டும் கலையில் எங்களை மிஞ்ச ஆளில்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் கட்டிக் கொடுத்த சங்கங்கள் இவை. அந்த வேலை தொடரட்டும். அதோடு, ஆண்டில் ஒரு விருந்தின் வருவாயை இங்கே எங்கள் பிள்ளைகள் போகும் ஸ்குவாட்ரனுக்குக் கொடுங்கள். சங்கத்திலிருந்து இரண்டு பேரை ஆதரவுக் குழுவுக்கு அனுப்புங்கள். புதிய பிள்ளைகள் செப்டெம்பரில் சேருவார்கள். பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது ஆகியிருந்தால், வயதுக்கான சான்றையும் சுகாதார அட்டையையும் எடுத்துக்கொண்டு அருகிலுள்ள ஸ்குவாட்ரனின் மாலைக்கூட்டத்துக்குப் போய், பிள்ளையைப் பதிவுசெய்யும் மேசையிலேயே ஆதரவுக் குழு எப்போது கூடுகிறது என்றும் கேட்டுவிட்டு வாருங்கள்.